மூன்று ஊர் நிழற்குடை

எங்கள் நொச்சிமேட்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தால் கடல் காற்று அடித்த காலம் ஒன்று இருந்தது. நொச்சிமேடு மலையடிவாரத்து ஊர். எங்களுக்குச் சாரல் தெரியும், யானை தெரியும், கடலைக் காலண்டரில்தான் பாதிப்பேர் பார்த்திருக்கிறோம். இருந்தும் அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்துவிட்டு வீடு திரும்பும் பெண்களின் தலைமுடி உப்பில் பிசுபிசுத்துக் கிடக்கும், அதை அவர்கள் ஓர் அதிசயமாக யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள், சீயக்காய் போட்டு அலசிவிட்டு உலை வைக்கப் போய்விடுவார்கள்.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால் வந்தது. மலையடியில் நொச்சிமேடு, நடுவில் வயல்காட்டுக்குள் கல்மதகு, கிழக்கே கடலோரம் தாழைப்புதூர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பேரூராட்சிகளுக்கும் தனித்தனியாக வாங்கிக் கொடுக்க வசதிப்படாது என்று மேலே யாரோ முடிவு செய்து, மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டரைக் கல்மதகு அலுவலக மாடியில், அங்கே வேலை பார்க்கிற மனிதர்களுக்குக்கூடக் கிடைக்காத ஏசி அறையில் வைத்தார்கள். தெருவிளக்கு, குழாய், சாக்கடை, மதகு, பாலம், பூங்காவில் உடைந்த ஊஞ்சல் என்று பொதுவில் கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஒரு படமும் கொடுத்து அதற்குள் ஏற்றினார்கள். எங்கே எது பழுதானாலும் அது ஆளை அனுப்பும், வேலை முடிந்ததும் படம் எடுத்து ஏற்ற வேண்டும், படம் ஏறினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். குறை சொல்லக் கூடாது, அது வந்த பிறகு எங்கள் தெருவிளக்குகள் பொழுது சாய்ந்ததும் எரிந்தன, பொழுது விடிந்ததும் அணைந்தன. அதற்கு முன் பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருந்தது.

மூன்று ஊரிலும் பஸ் நிறுத்தத்து நிழற்குடைகள் ஒழுகிக்கொண்டிருந்தன. ஓவர்சீயர் பொன்னுலிங்கத்திடம் வேலை வந்தது. பொன்னுலிங்கம் கெட்டவர் இல்லை, ஆனால் மூட்டுவலிக்காரர், மகளுக்கு வேறு அப்போது கல்யாணம் கூடியிருந்தது. கல்மதகு நிழற்குடையை மட்டும் கூரை பூசி, பச்சைப் பெயிண்ட் அடித்து, பெஞ்சுக்குப் புதிய பலகைக்கல் போட்டு, காலை வெயிலில் அழகாக ஒரு படம் எடுத்தார். பெஞ்சின் காலடியில் செவலை நாய் ஒன்று படுத்திருந்தது, அதுவும் படத்தில் விழுந்தது. அந்த ஒரே படத்தை மூன்று ஊருக்கும் ஏற்றிவிட்டு அவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போய்விட்டார். உத்தியோகத்தில் இதெல்லாம் சகஜம்தான், ஒரே மரக்கன்றை நாலு ஊரில் நட்டதாகப் படம் காட்டிய புண்ணியவான்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்தப் படங்களை ஒரு மனிதர் பார்ப்பார், பார்த்துச் சிரிப்பார், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். கம்ப்யூட்டருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. மூன்று ஊரிலும் இருப்பது இந்த ஒரு நிழற்குடைதான் என்று அது நம்பியது. மறுநாள் விடிந்தபோது அப்படித்தான் இருந்தது.

எங்கள் பழைய நிழற்குடை நின்ற இடத்தில் பச்சை நிழற்குடை நின்றது. பால்காரர் மாசானம் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் முழங்கால்வரை வயல்சேற்றோடு முகம் தெரியாத ஒருவர் இருந்தார். நான் எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவன், அவர்கள் பேசியதை என் காதாலேயே கேட்டேன்.

"எந்த ஊருவே?"

"கல்மதகு."

"கல்மதகுலேர்ந்து இந்நேரத்துக்கு பஸ் ஏது?"

"நான் எங்கவே பஸ்ல வந்தேன்? எங்க ஊர்லதான இருக்கேன். நீரு எந்த ஊரு?"

"நொச்சிமேடு."

"அங்கேர்ந்து இந்நேரத்துக்கு பஸ் ஏது?"

இருவரும் பஸ் நேரத்தைப் பற்றி வெகுநேரம் வாக்குவாதம் செய்தார்கள். அதற்குள் தாழைப்புதூரில் மீன்கூடையோடு நிழற்குடைக்குள் ஏறிய ஓர் அம்மாள் இருவருக்கும் நடுவில் கூடையை இறக்க, பஸ்ஸை விட்டுவிட்டு மீன் உயிராக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த நிழற்குடையின் சட்டதிட்டங்களை நாங்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். உள்ளே உட்கார்ந்திருக்கிற வரையில் மூன்று ஊர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள், தொடலாம், பேசலாம், கொடுக்கலாம், வாங்கலாம். ஆனால் வெளியே பார்த்தால் அவரவருக்கு அவரவர் ஊர்தான் தெரியும். படி இறங்கினால் அவரவர் ஊரில்தான் கால் படும். எங்கள் ஊர் இளவட்டம் ஒருத்தன் தாழைப்புதூர்க்காரன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடல் பார்க்க வேண்டும் என்று குதித்தான். மண்ணில் விழுந்தபோது அவன் கை வெறுங்கையாக இருந்தது, எதிரே என் கடைதான் தெரிந்தது, வெட்கம் தெரியாமலிருக்க ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

சாமான்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. கைமாறிய பொருள் வாங்கியவரோடு போகும். அப்புறம் கேட்க வேண்டுமா? எங்கள் மலைநெல்லிக்காயும் நாட்டுப்பழமும் தாழைப்புதூருக்குப் போயின, அங்கிருந்து சாளை மீனும் கருவாடும் வந்தன, கல்மதகிலிருந்து புது அரிசியும் வாய்க்கால் கீரையும் வந்தன, எங்கள் ஊர்ப் பூனைகள் பெருத்துப் போயின. பஸ் ஹாரன் கேட்டால், "உங்க ஊரா, எங்க ஊரா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளப் பழகினோம். எங்கள் பக்கம் சாரல் அடிக்க நனைந்து ஏறுகிறவர்களை, வெயிலில் வெந்து ஏறிய தாழைப்புதூர்க்காரர்கள் பொறாமையோடு இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து முந்திரிக்கொத்துப் பலகாரம் வரும். எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும். நிழற்குடையை யார் கூட்டுவது என்பதில் சண்டை வந்தது, யார் கட்சிக் கொடி கட்டுவது என்பதில் அதைவிடப் பெரிய சண்டை வந்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு வாரம் கூட்டுவது, யாரும் கொடி கட்டக் கூடாது என்று மூன்று ஊர்க் கவுன்சிலர்களும் அந்தப் பெஞ்சிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பெண் பார்க்கும் சடங்குகூட அங்கே நடந்தது. செவலை நாய் பெஞ்சின் காலடியில் தூங்கிக்கொண்டே இருந்தது. மூன்று ஊரும் அதற்கு மூன்று பெயர் வைத்துக் கூப்பிட்டன, அது எதற்கும் கண் திறக்கவில்லை. இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது, அப்போது அது எங்களுக்கு வெறும் பஸ் நிறுத்தமாகத்தான் இருந்தது.

சொர்ணத்தக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்த்தெரு சங்கரபாண்டியின் மனைவி. பேரன் பேத்தி எடுத்தவள். மத்தியானம் பேரூராட்சிச் சங்கு ஊதி, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒருநாள் என் கடையில் ஏதோ வாங்க வந்தவள், வெயிலுக்கு ஒதுங்கி நிழற்குடையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உடம்பு தானாக நகர்ந்து இடம் விட்டது. விட்ட பிறகுதான், உலகத்திலேயே ஒரே ஒருத்திதான் இப்படி முழங்கையால் இடித்து இடம் கேட்பாள் என்பது அவள் நினைவுக்கு வந்திருக்கிறது. திரும்பினாள். நரைத்த தலை, கழுத்தில் சிலுவை வைத்த மெல்லிய செயின், கையில் மருந்துக்கடைப் பை.

"ஏட்டி... ஜெயமணி?"

"யாரு?" என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்த அந்த அம்மாள் அடுத்த நிமிஷம் மருந்துப் பையைக் கீழே போட்டுவிட்டாள். "சொர்ணம்! பாவி, நீ உசுரோடவா இருக்க!"

இருவரும் பள்ளிக்கூட ஹாஸ்டலில் ஒரே பெஞ்சு. ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு போர்வைக்குள் பேய்க்கதை பேசி, வார்டன் கொய்யாமரத்தில் சேர்ந்து திருடியவர்கள். பரீட்சை முடிந்த கையோடு சொர்ணத்தக்காவை இங்கே கட்டிக் கொடுத்தார்கள், ஜெயமணியைத் தாழைப்புதூரில் கட்டிக் கொடுத்தார்கள். அத்தோடு சரி. ஆம்பளைகளுக்குச் சிநேகிதர்கள் சாகும்வரை கூட வருவார்கள். பொம்பளைகளின் சிநேகிதத்தைத் தாலி கட்டிய அன்றைக்கே எங்கோ பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். நானும் என் வீட்டில் அதைத்தான் செய்திருக்கிறேன், அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

அன்றிலிருந்து மத்தியானம் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் அக்கா வந்துவிடுவாள். வீட்டில், "வெத்தல வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வருவாள். அந்த வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யாரும் இல்லை. என்னிடம் வாங்கிய வெற்றிலையை எதிர்வீட்டு ஆட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவாள், அந்த ஆடு அந்நாளில் நல்ல செழிப்பாக இருந்தது. ஜெயமணியின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மத்தியானம் அவர் அயர்ந்து தூங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துக்கொள்வாள். அவர் விழித்து இருமுவதற்குள் ஜெயமணி வீடு திரும்ப வேண்டும். நேரமானதும் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு படியருகே வருவார்கள், ஜெயமணி கண்ணை மூடிக்கொள்வாள், கால் எடுத்து வைத்ததும் அவரவர் ஊரில் அவரவர் கை வெறுங்கையாகிவிடும்.

"இந்த ஒரு மணி நேரந்தான்ட்டி நான் ஜெயமணி," என்று அவள் ஒருநாள் சொன்னது கடை வரைக்கும் கேட்டது. "மத்த நேரமெல்லாம் நான் யாருன்னு எனக்கே தெரியாது."

"எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? எங்க வீட்ல எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டு வருசக்கணக்காச்சு. ஆச்சி, அம்மா, அத்தை, இந்தாட்டி. அவ்வளவுதான்."

பிறகு இருவரும் எதற்கோ சிரித்தார்கள். வயசான இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு, தோளில் தோள் இடித்து, வார்டன் வந்துவிடுவாளோ என்று பயப்படுகிறவர்களைப்போலச் சிரிப்பதைப் பார்க்க எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, பிறகு அவர்கள் வர நேரமானால் கடையை விட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆனால் ஒரு கூரை மூன்று ஊர் வானிலையை எத்தனை நாள் தாங்கும்? எங்கள் சாரல் ஒருபக்கம், தாழைப்புதூர் உப்புக்காற்று ஒருபக்கம், கல்மதகு வயல் ஈரம் ஒருபக்கம் என்று மூன்றும் அந்த ஒரே சிமெண்டுத் தட்டை அடித்தன. விரிசல் விட்டது. கம்ப்யூட்டரில் புகார் கொடுத்தால், அது எந்த ஊர் நிழற்குடை என்று கேட்டது. ஓர் ஊரைச் சொன்னால், மற்ற இரண்டு ஊரிலும் அதே நிழற்குடை இருக்கிறதே என்று வேலையை நிறுத்தியது. நாங்களே சேர்ந்து பூசினோம். கல்மதகில் ஏறிப் பூசிய சிமெண்டு, எங்கள் ஊர் மழையில் காய்வதற்குள் கரைந்து வழிந்தது.

அப்போதுதான் தமிழரசி என்ற புதிய அதிகாரி வந்தார். பொன்னுலிங்கத்தின் படத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பழுது பார்க்க ஒரே வழிதான் உண்டு என்றார்: மூன்று ஊரிலும் தனித்தனியாகப் படம் எடுத்து ஏற்ற வேண்டும், கம்ப்யூட்டர் மூன்றையும் பிரித்துவிடும், பிறகு மூன்றுக்கும் வேலை நடக்கும். எங்களுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று ஊரிலும் ஆட்கள் படம் எடுக்கப் போனபோது ஜனங்கள் பெஞ்சை விட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று படத்திலும் அதே மாசானம், அதே மீன்கார அம்மாள், அதே நாய். ஒரே படம்தான் என்று கம்ப்யூட்டர் மூன்றையும் திருப்பி அனுப்பியது. நாங்கள் ஜெயித்துவிட்டதாகக் கைதட்டினோம்.

தமிழரசி கோபப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வந்து என் கடையில் டீ குடித்துவிட்டு, "ஆளில்லாம, பின்னால உங்க ஊர் மட்டும் தெரியுற மாதிரி ஒரு படம், அவ்வளவுதான் கேக்குறேன். கூரை விழுந்தா எந்த ஊர்க்காரங்க தலையில விழும்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அது விழுந்தது. முழுக்கூரை இல்லை, ஒரு பாளம்தான். ஜெயமணிக்கும் பெஞ்சின் முனைக்கும் நடுவில் விழுந்து நொறுங்கியது. நாய்கூட எழுந்து நின்றுவிட்டது. புழுதி அடங்கியபோது ஜெயமணியின் தலையும் முகமும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன, கண் மட்டும் திறந்து திறந்து மூடியது. சொர்ணத்தக்கா தன் முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து நின்று, அவள் வீட்டில்கூட ஒருநாளும் கேட்டிராத குரலில் சொன்னாள்:

"எல்லாரும் இறங்குங்க. படம் எடுத்துக்கிடட்டும்."

"ஏட்டி, என்ன பேசுத?" என்று ஜெயமணி அவள் கையைப் பிடித்தாள். "எங்க ஊருக்கு மூணு பஸ்ஸு மாறணும். என்னால அவர விட்டுட்டு வர முடியாது. நீ எங்க வரப்போற?"

"உன் தல ஒடைஞ்சா நான் யாரோட சிரிக்கது? இறங்கு."

மாசானம் முதலில் இறங்கினார். மீன்கார அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு, மூக்கைச் சிந்தி, இறங்கினாள். ஒவ்வொருவராக இறங்க, அவரவர் ஊர் அவரவரை வாங்கிக்கொண்டது. கடைசியில் அந்த இருவர் மட்டும் இருந்தார்கள். படியருகே கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். சேர்ந்துதான் கால் எடுத்து வைத்தார்கள். எங்கள் ஊர் மண்ணில் சொர்ணத்தக்கா மட்டும் நின்றாள். அவள் விரல்கள் இன்னொரு கையைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன. நான் கடைக்குள் திரும்பிக்கொண்டேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

படம் எடுத்தார்கள். கடைசி நிமிஷத்தில் நாய் சோம்பல் முறித்து இறங்கிப் போனது. அது தங்கள் ஊரில்தான் இறங்கியது என்று மூன்று ஊரும் இன்றைக்கும் சத்தியம் செய்யும், மூன்று ஊரிலும் காட்டுவதற்குச் செவலை நாயும் இருக்கிறது. கம்ப்யூட்டர் மூன்றையும் பிரித்தது, சொன்னபடி வேலை நடந்தது. புதுக்கூரை, புதுப் பெயிண்ட், எங்களுக்கு நீலம். தெருப்பூனைகள் இளைத்தன. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பெஞ்சில் உட்காரும்போது நெருக்கி உட்கார்ந்து, மிச்ச இடத்தைக் காலியாக விட்டுவைத்தார்கள். வெளியூர்க்காரர் யாராவது அங்கே உட்கார்ந்தால் எங்களுக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது.

சொர்ணத்தக்கா அப்போதும் மத்தியானம் வந்தாள். வெற்றிலை வாங்கினாள், ஆட்டுக்குக் கொடுத்தாள், பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள், சங்கரபாண்டி தேடி வருகிறவரையில் உட்கார்ந்திருந்தாள். கார்த்திகை போய் மார்கழி வந்தது. ஒருநாள் காலையில், மத்தியானம் அல்ல, காலையில், நல்ல சேலை கட்டி, கையில் பையோடு வந்தாள். பின்னாலேயே சங்கரபாண்டி அண்ணாச்சி பனியனோடு ஓடி வந்தார்.

"எங்கன கிளம்பிட்ட? கல்யாணமா?"

"இல்ல."

"கோயிலுக்கா?"

"இல்ல."

"யாரும் போய்ட்டாவளா?"

"வாயக் கழுவுங்க. தாழைப்புதூர்ல ஜெயமணின்னு என் சிநேகிதி இருக்கா. அவளப் பாக்கப் போறேன்."

"சரி, அங்க என்ன விசேசம்?"

"ஒரு விசேசமும் இல்ல. பாக்கதுக்குத்தான் போறேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம், நேர்ச்சைக்குப் போகலாம். சிநேகிதியைப் பார்க்க என்று ஒரு பொம்பளை எங்கள் ஊரில் பஸ் ஏறியதாக அவரும் கேள்விப்பட்டதில்லை, நானும் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பச்சை நிழற்குடை வராமலே இருந்திருந்தால் அவளுக்கேகூட அது தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பி, "தம்பி, இனிமே எனக்கு வெத்தல எடுத்து வைக்காத" என்றாள்.

மீதியை அவளே சொல்லிக் கேட்டதுதான். கல்மதகில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது அந்த ஊர்க்காரர்கள், "நொச்சிமேட்டு அக்காவா! நீங்க நடந்து நாங்க பாக்கது இதுதான் மொதத் தடவை" என்று கூடிவிட்டார்களாம். இன்னும் ஒரு பஸ். பிறகு கடைசி பஸ், அது திரும்பிய ஒரு வளைவில் கடல் தெரிந்தது, அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாழைப்புதூரில் அந்த ஊர்ச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மஞ்சள் அடித்த நிழற்குடை. பெஞ்சின் ஓரத்தில் நரைத்த தலை ஒன்று ரோட்டைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா படியேறிப் போய் முழங்கையால் இடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

ஜெயமணி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உடம்பு தானாக நகர்ந்து இடம் விட்டது. அப்புறம்தான் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

அந்த ஒரு மணி நேரமும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். நேரமானதும் வழக்கம்போல எழுந்தார்கள், வழக்கம்போலக் கையைக் கோத்துக்கொண்டு படியருகே வந்தார்கள், வழக்கம்போல ஜெயமணி கண்ணை மூடிக்கொண்டாள். காலை எடுத்து வைத்தார்கள். கீழே மணல் இருந்தது, சுட்டது, பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. இருவரும் ஒரே ஊரில் இறங்கியிருந்தார்கள்.